எழுத்துக்குக் காசு கேட்ட வசந்தன்

என் வாழ்க்கையில் நான் முதன்முதலாக மயங்கிய ஆணுக்கு உடம்பு கிடையாது. குரல் மட்டும்தான். பெயர் வசந்தன். அவனால் எங்கள் வீட்டு அத்திவாரத்துக்குப் போகவேண்டிய முப்பது மூடை சீமெந்து காற்றோடு போனது. இன்றைக்கு இதைச் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது. அன்றைக்கு மஸ்கெலியாவில், கண்ணில் பஞ்சு ஒட்டியிருந்த அத்தனை பேருக்கும் முன்னால் நின்றபோது, எதிரே இருந்த நீர்த்தேக்கத்தில் குதித்துவிடலாமா என்றுதான் தோன்றியது. (தண்ணீர் குளிராக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.)

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. ஹட்டனில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில், இரண்டு அறையும் நான்கு கணினியும் கொண்ட சிறிய மென்பொருள் நிறுவனத்தில் முதல் வேலை. என்னை ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். எங்கள் முதலாளி சேர் செய்த முதல் தவறு அதுதான். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் பனிமூட்டம் பள்ளத்திலிருந்து மெதுவாக ஏறி வரும். முதலில் பஸ் நிலையம் மறையும். அப்புறம் எதிர்க்கடையின் பெயர்ப்பலகை. அப்புறம் ஜன்னல் கம்பி. கடைசியில் நானும் மறைந்துவிடுவேன். உடம்பு நாற்காலியில் இருக்கும், விரல் விசைப்பலகையில் இருக்கும், ஆள் மட்டும் எங்கோ மிதந்துகொண்டிருப்பேன்.

"சுகந்தி, கீழ இறங்கி வாங்க," என்பார் சேர். நான் மாடிப்படியில் இறங்கப் போவேன். "அந்த இறக்கம் இல்ல" என்பார்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் மஸ்கெலியா வேலையை ஒப்படைத்தார். அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்தும் இலவசக் கண் சிகிச்சை நிலையம் ஒன்று இருந்தது. பொறுப்பாக இருந்தவர் சிஸ்டர் அமலி. சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து தினமும் எண்பது பேராவது வருவார்கள். பதிவு மேசையில் இருந்த மேரி அக்கா ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய், இனிமேல் சத்தம் போடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"சுவரில் ஒரு திரை மாட்டி நம்பர் காட்டலாமே சிஸ்டர்?" என்று கேட்டேன். (நான்கு வருடப் பட்டப்படிப்பின் பலன்.)

சிஸ்டர் என்னைக் கனிவாகப் பார்த்தார். "அது தெரிஞ்சா இவங்க ஏன் இங்க வரப்போறாங்க, மகள்?"

பிறகு சொன்னார்: "சத்தமா இருந்தாப் போதாது. மரியாதையா இருக்கணும். வாழ்க்கை பூரா இவங்கள பெரட்டுல நிக்க வச்சு அதட்டித்தான் கூப்பிட்டிருக்காங்க. இங்கயாவது ஆளு மாதிரி கூப்பிடணும்."

விடியற்காலையில் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தை நான் அறிவேன். அம்மா முப்பது வருடம் அங்கே நின்றவர். சிஸ்டர் சொன்னது நெஞ்சில் தைத்தது. பஸ்ஸில் திரும்பும்போதே, நீர்த்தேக்கத்தின் மேல் மிதந்த பனியைப் பார்த்தபடி, எப்படிக் கூப்பிடவேண்டும் என்று மனதுக்குள் எழுதிவிட்டேன்.

இப்போது கொஞ்சம் தொழில் பேசவேண்டும். ஒரு மென்பொருளின் எல்லாப் பகுதிகளையும் நாங்களே செய்வதில்லை. குழம்பு வைக்கிறவர் மிளகாய்த்தூளைக் கடையில் வாங்குவதுபோல, வேறு யாரோ செய்து வைத்த பாகங்களை வாங்கிப் பொருத்திக்கொள்வோம். எனக்குத் தேவை, எழுதியதை வாசித்துச் சொல்லும் ஒரு தமிழ்க் குரல். தேடியதில் மூன்று கிடைத்தன. முதலாவது முழுக்க இலவசம். ஆனால் தகர டின்னுக்குள் மாட்டிக்கொண்ட ஆள் உதவி கேட்பதுபோல் இருந்தது. இரண்டாவதன் விலையை முதல் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டிருந்தார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது பக்கத்தில் விலையே இல்லை. "இலவசமாகத் தொடங்குங்கள்" என்ற பொத்தானும், அதன் கீழே வசந்தனும் இருந்தார்கள்.

சோதித்துப் பார்க்க, பஸ்ஸில் மனதுக்குள் எழுதிய அழைப்பில் என் பெயரைப் போட்டுக் கொடுத்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

"மதிப்பிற்குரிய சுகந்தி அவர்களே," என்றான் வசந்தன்.

என்னை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தணிந்த குரல், கொஞ்சம் மூச்சு, 'சுகந்தி'க்கு முன்னால் ஒரு நொடித் தயக்கம். ஜன்னலுக்கு வெளியே ஹட்டன் முழுவதும் கரைந்துபோயிருந்தது. தொடங்குவதற்கு முன் ஒரு நீளமான ஒப்பந்தம் வந்தது. எழுத்துகள் எறும்பளவு. அடியில் இருந்த "சம்மதம்" பொத்தானுக்கு விரல் தானாகப் போனது. அடுத்ததாக, நான் நான்தான் என்று உறுதிப்படுத்த ஒரு வங்கி அட்டை கேட்டது. என் அட்டை வெளிநாட்டுக்குச் செல்லாது. அதனால் நான் நான்தான் என்பதை அண்ணனின் அட்டையை வைத்து உறுதிப்படுத்தினேன்.

அண்ணன் ரவீந்திரன் கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. அம்மாவின் போனுக்கு ரீலோட் போடுவதற்காகத் தன் அட்டையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தான். அவனுடைய போனுக்கு வந்த இரகசிய எண்ணையும் கேட்டு வாங்கினேன். "அம்மாவுக்கு ரீலோட் போடத்தாண்ணே." (பொய். ஒரே ஒரு பொய். அதற்கு முப்பது மூடை.) அந்தக் கணக்கில் இருந்தது, எங்களுக்குக் கிடைத்த ஏழு பேர்ச் காணியில் வீடு கட்ட அவன் மூன்று வருடமாகச் சேர்த்த பணம்.

திறந்து வைத்த நாள் ஒரு திங்கட்கிழமை. கூடத்தில் ஆட்கள் உட்கார நீண்ட மர வாங்குகள், நான்கு ஸ்பீக்கர்கள். மேரி அக்கா பொத்தானை அமத்த, வசந்தன் பேசினான்.

"மதிப்பிற்குரிய முத்துலெட்சுமி அவர்களே, தயவுசெய்து இரண்டாம் அறைக்கு எழுந்தருளுங்கள். படியில் கவனமாக வாருங்கள். பனி சூழ்ந்த இந்தக் காலை உங்களுக்கு இனிதாகட்டும்."

(ஆமாம். நான் எழுதியதுதான். 'எழுந்தருளுங்கள்' உட்பட.)

யாரும் எழும்பவில்லை. மேரி அக்கா மறுபடி அமத்தினார். மறுபடியும் யாரும் இல்லை. மூன்றாவது தடவைக்குப் பிறகு நானே வாங்கு வாங்காகப் போய்த் தேடினேன். முன் வரிசையிலேயே, கம்பளிச் சால்வை போர்த்தி, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"நீங்க முத்துலெட்சுமிதானேம்மா?"

"ஆமா புள்ள."

"கூப்பிட்டாங்களே, கேக்கலையா?"

"கேட்டுச்சு. அது வேற யாரோ பெரிய எடத்து முத்துலெட்சுமின்னு நெனச்சேன்."

அன்றைக்கு அவர் உள்ளே போன நடையை நான் இன்னும் மறக்கவில்லை. திரும்பி வந்தவர் கேட்டார், "அந்தத் தம்பி பேரு என்ன புள்ள?" வசந்தன் என்றேன். மத்தியானத்துக்குள் கூடம் முழுவதும் அவனை 'வசந்தன் தம்பி' ஆக்கிவிட்டது.

ஒரு வாரத்தில் ஒரு புதுப் பழக்கம் தொடங்கியது. முதல் அழைப்பில் யாரும் எழும்புவதில்லை. காது கேட்காமல் இல்லை. இன்னொரு தடவை கேட்க ஆசை. முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். இரண்டாம் தடவை பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். மூன்றாம் தடவைதான், போனால் போகிறது என்று எழும்புவார்கள். மேரி அக்காவும் சலிக்காமல் அமத்துவார். நான் சுவரில் சாய்ந்து நின்று, ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டவள்போல் கனவில் இருந்தேன்.

மாதம் முடிந்த மறுநாள் மத்தியானம் அண்ணன் போன் பண்ணினான். பின்னணியில் புறக்கோட்டை இரைந்தது.

"தங்கச்சி, பேங்க்ல இருந்து மெசேஜ் வந்திருக்கு. டொலர்ல காசு போயிருக்கு. நீ என்ன வாங்கின?"

"ஒண்ணும் வாங்கலண்ணே." கண் நாட்காட்டிக்குப் போனது. "வசந்தனுக்குப் போயிருக்கும்."

அவன் கடைக்குள் போய்க் கதவைச் சாத்துவது கேட்டது.

"யாரு வசந்தன்?"

"ஒரு குரல்ண்ணே."

"குரல் எல்லாருக்கும்தான் இருக்கு. ஆளு யாரு?"

"ஆளு இல்லண்ணே. குரல் மட்டும்தான்."

"நீ நேர்ல பாத்ததே இல்லையா?"

"இல்ல."

"பேசியிருக்கியா?"

"நான் எழுதிக் குடுப்பேன், அவரு பேசுவாரு." ('அவரு' என்றது பெரிய பிழை.)

"காசும் குடுத்து, அவன் பேசவேண்டியதையும் நீயே எழுதிக் குடுக்கணுமா? இப்ப எங்க இருக்கான் அவன்?"

"மஸ்கெலியா கண் ஆஸ்பத்திரியிலதான், அது வந்துண்ணே..."

மலைநாட்டுத் தொலைபேசிக் கோபுரங்களுக்கு எப்போது துண்டிக்கவேண்டும் என்று நன்றாகத் தெரியும். திரும்பத் திரும்ப எடுத்தேன். கிடைக்கவில்லை.

கணக்கைத் திறந்து சேரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வசந்தன் பேசிய ஒவ்வொரு எழுத்துக்கும் காசு. முத்துலெட்சுமி என்றால் நமக்கு ஏழு எழுத்து. அவர்களுடைய கணக்கில் பதினான்கு. புள்ளி, கொம்பு, விசிறி, சுழி எல்லாம் தனித்தனி எழுத்தாம். தமிழில் பெயர் வைத்த குற்றத்துக்கு இரட்டைக் கட்டணம். மூன்று தடவை கூப்பிட்டால் மூன்று மடங்கு. பொது இடத்தில் ஒலித்தால் ஸ்பீக்கர் ஒன்றுக்குத் தனி. இலவச அளவு முதல் நான்கு நாட்களிலேயே தீர்ந்திருந்தது.

அதோடு முடியவில்லை. வசந்தன் பேசிய ஒவ்வொரு வசனத்தையும் அவர்கள் பட்டியல் போட்டிருந்தார்கள்.

"இது என்ன?" என்று சேர் வாசித்தார். "'மதிப்பிற்குரிய சுகந்தி அவர்களே, உங்கள் தேநீர் ஆறுகிறது.' நாப்பத்தொரு தடவை?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். பனி இன்னும் வரவில்லை. தேவையான நேரத்தில் அது வராது.

சேர் அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நாளைக்கும் நோயாளிங்க வருவாங்க, நிப்பாட்ட முடியாது. இப்போதைக்கு எழுத்தைக் குறைங்க," என்றார். குறைத்தேன். 'மதிப்பிற்குரிய' போனது. 'அவர்களே' போனது. 'தயவுசெய்து' போனது. பனி சூழ்ந்த காலை, படி, கவனம் எல்லாம் போயின. 'அறை' கூட எதற்கு என்று அதையும் வெட்டினேன். தேயிலை மலையைக் கவ்வாத்து வெட்டியதுபோல் குச்சி மட்டும் நின்றது.

மறுநாள் காலை நானே மஸ்கெலியா போனேன். கூடம் நிறைந்திருந்தது. மேரி அக்கா பொத்தானை அமத்தினார்.

"வேலாயி. ஒண்ணு."

அதே தணிந்த குரல். அதே மூச்சு. அதனாலேயே இன்னும் மோசமாகக் கேட்டது. அன்பாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டதுபோல்.

வேலாயி எழும்பவில்லை. இது ஆசைக்கு எழும்பாதது இல்லை என்று பார்த்த உடனே தெரிந்தது.

"செபமாலை. ரெண்டு."

செபமாலை என்ற பெரியவர் கைத்தடியைத் தரையில் ஊன்றினார். "தோட்டத்துப் பெரட்டுல அதட்டுற கண்டாக்கய்யா கூட இதவிட நல்லா கூப்பிடுவாரு," என்று சத்தமாகச் சொன்னார். அதற்குப் பிறகு யாருமே எழும்பவில்லை. எண்பது பேரும் உட்கார்ந்தபடியே வேலைநிறுத்தம் செய்தார்கள். அதில் அவர்களுக்கு நல்ல அனுபவம் உண்டு.

இரண்டாவது கண்ணுக்கும் சிகிச்சை முடிந்து, பஞ்சை எடுக்க வந்திருந்த முத்துலெட்சுமியம்மா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஒரு கண்ணில் பஞ்சு. இன்னொரு கண்ணால் என் முகத்தைத் தேடினார்.

"போன கெழம வரைக்கும் 'அவர்களே'ன்னுச்சே அந்தத் தம்பி. இன்னைக்கு அதட்டுது. நாங்க என்ன தப்பு செஞ்சோம் புள்ள?"

'அவர்களே' ஏழு எழுத்தம்மா என்று எப்படிச் சொல்வது? கண் எரிந்தது. கண் ஆஸ்பத்திரியில் அழுதால் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அப்படியே மத்தியானம் ஆனது. அப்போதுதான் வாசலில் அண்ணன் வந்து நின்றான். விடியற்காலை ரயிலைப் பிடித்து, ஹட்டனில் இறங்கி, பஸ்ஸில் வந்திருக்கிறான். தலை கலைந்து, ரயில் ஜன்னல் காற்றில் இரண்டு கண்ணும் சிவந்திருந்தன. நான் தூணுக்குப் பின்னால் போனேன்.

மேரி அக்கா அந்தச் சிவந்த கண்களைப் பார்த்தார். "பேரு?"

"ரவீந்திரன். நான் வந்தது எதுக்குன்னா..."

"தெரியுது தம்பி. உக்காருங்க, கூப்பிடுவாங்க."

சிவந்த கண் அவசரம் என்று நினைத்துப் பொத்தானை உடனே அமத்திவிட்டார்.

"ரவீந்திரன். ஒண்ணு."

அண்ணன் திடுக்கிட்டுச் சுற்றிப் பார்த்தான். "யாரது?"

"அவன்தான் வசந்தன்," என்றார் முத்துலெட்சுமியம்மா கசப்பாக.

"டேய் வசந்தா! வெளிய வாடா!" கூடம் அதிர்ந்தது. "என் தங்கச்சிகிட்ட காசும் வாங்கிட்டு, என்னைய வாடா போடான்ற மாதிரி கூப்பிடுவியா? மரியாதையாக் கூப்பிடத் தெரியாதாடா ஒனக்கு?"

"கேளுங்க தம்பி! நல்லாக் கேளுங்க!" என்று எண்பது பேரும் ஒரே குரலில் எழும்பினார்கள். காலையிலிருந்து முதன்முதலாக எழும்பியது அப்போதுதான்.

பதற்றத்தில் மேரி அக்காவின் கை மறுபடி பட்டுவிட்டது. "ரவீந்திரன். ஒண்ணு." அண்ணன் பாய்ந்து போய் ஒன்றாம் அறைக் கதவைத் தள்ளித் திறந்தான். உள்ளே ஒரு பெண் டாக்டர் நிமிர்ந்தே பார்க்காமல், "கதவைச் சாத்துங்க, வெளிச்சம் வருது," என்றார். அண்ணன் ஒழுங்காகச் சாத்திவிட்டு வந்தான். அப்போதுதான் மூன்றாம் தடவையாகக் குரல் வந்தது. மெதுவாகத் தலையை உயர்த்தி, கூரையோரம் இருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு தூணைப் பார்த்தான். என் தாவணி வெளியே தெரிந்திருக்கிறது.

சத்தம் கேட்டு வந்த சிஸ்டர் அமலி முழுக்கதையையும் கேட்டார். பிறகு என் கணினியை மேசையில் வைத்து, அந்த ஒப்பந்தத்தைத் திறக்கச் சொல்லி, கூடத்துக்கே கேட்கும்படி தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தார். எழுத்துக்குக் கட்டணம். இடைவெளிக்கும் கட்டணம். பொது இடத்துக்குத் தனி உரிமம். ஒரு தடவை பேசியதைச் சேமித்து வைத்து மறுபடி ஒலிக்க இன்னொரு உரிமம். எல்லாமே இருந்தது. எதையும் அவர்கள் ஒளித்து வைக்கவில்லை. நான் பார்க்கமாட்டேன் என்ற நம்பிக்கையில் திறந்தே வைத்திருந்தார்கள்.

"இதுக்கெல்லாம் சம்மதம்னு அமத்தியிருக்கீங்க மகள்," என்றார் சிஸ்டர்.

"அப்ப எங்க பேரச் சொல்றதுக்கு, கடல் தாண்டி யாருக்கோ காசா?" என்று கேட்டார் செபமாலை. கேட்டுவிட்டு அவரே சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு வாங்கு வாங்காகப் பரவியது. பஞ்சு ஒட்டிய கண்களோடு கூடமே சிரித்தது. நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

அண்ணன் மேரி அக்காவின் மேசையில், ஸ்பீக்கர்களோடு வந்து யாரும் தொடாமல் தூசி படிந்து கிடந்த மைக்கைக் காட்டினான். "அது வேல செய்யுமா? குடுங்க." நோயாளிகளின் பட்டியலைக் கையில் எடுத்தான். அவனுக்குத் தொழிலே கடை வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிடுவதுதான்.

"மதிப்பிற்குரிய வேலாயி அவர்களே! வாங்க, உள்ள வாங்க! வந்து பாத்துட்டுப் போங்க!"

கடைசி வசனம் பழக்கதோஷத்தில் வந்தது. ஆனால் கண் ஆஸ்பத்திரிக்கு அதைவிடப் பொருத்தமான அழைப்பு எது? வேலாயி முதல் அழைப்பிலேயே எழும்பினார். மாலை நான்கு மணிக்குள் எண்பது பேரும் பார்த்துவிட்டுப் போனார்கள். வெளியே பனி கதவு வரைக்கும் வந்து நின்றிருந்தது. அதற்குள் ஒவ்வொருவராக நடந்து மறைவதை நானும் அண்ணனும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நல்லாத்தான் செஞ்சிருக்க," என்றான் திடீரென்று. "அதுக்காக என்னோட சீமெந்தயா?"

அடுத்த இரண்டு நாள் லீவு போட்டுத் தங்கினான். பதிவுப் புத்தகத்தில் இருந்த பெயர்களையெல்லாம் அவன் சொல்லச் சொல்ல நான் பதிவு செய்தேன். எங்கள் பக்கத்துப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருபவை என்பதால் வேலை சீக்கிரம் முடிந்தது. அந்த ஒலிகளையே பொருத்தினேன். ஸ்பீக்கர் எத்தனை, தடவை எத்தனை என்று கேட்க யாரும் இல்லை. சேர் ஆங்கிலத்தில் எழுதிய நான்கு கடிதங்களுக்குப் பிறகு அந்த நிறுவனம் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மீதியை என் சம்பளத்திலிருந்து மாதாமாதம் அண்ணனுக்கு அடைத்தேன். அத்திவாரம் ஒரு மழைக்காலம் தள்ளிப்போனது.

கணக்கை மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை வசந்தனைக் கேட்கவேண்டும்போல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஹட்டன் கரைந்துகொண்டிருந்தது. "போய் வருகிறேன்" என்று எழுதினேன். எண்ணிப் பார்த்தேன். இடைவெளியோடு பதினான்கு. மனதைக் கல்லாக்கிக்கொண்டு அழித்துவிட்டேன்.

அன்றிலிருந்து எந்தக் காகிதத்தையும் முழுதாக வாசிக்காமல் நான் ஒப்பமிடுவதில்லை. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தையும் வாசிக்கிறேன். இது எவ்வளவு முற்றிவிட்டது என்பது எங்கள் குடும்பத்துக்கு என் கல்யாணப் பதிவன்றுதான் தெரிந்தது. மாப்பிள்ளை வட்டகொடையில் ஆசிரியர். வெள்ளை வேட்டியில் வியர்த்துக்கொண்டு முதலில் ஒப்பமிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். நான் படிவத்தை வாங்கி முதல் வரியிலிருந்து தொடங்கினேன். பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா என் முழங்கையைக் கிள்ளினார். மாப்பிள்ளையின் சித்தப்பா, "பொண்ணுக்குச் சம்மதம்தானே?" என்று இரகசியமாகக் கேட்டார். அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டான். முன்பக்கம் முடிந்ததும் தாளைத் திருப்பினேன்.

"நோனா, அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல," என்றார் பதிவாளர்.

இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் இதைச் சொல்லாமல் சாப்பிட விடுவதில்லை. "வெறும் வெள்ளத் தாளுங்க. அதையும் ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு, ரெண்டு நிமிஷம் பாத்தா!"

எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை நான் பொறுமையாகக் காத்திருப்பேன். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு.

"சின்ன எழுத்துல ஏதாவது இருந்திருந்தா?"